பொறியாளர் ஆளவந்த கதை

பி.இ. முடித்தவர் கலெக்டராகி வருவது இன்று போடிநாயக்கனூரில் யாருக்கும் புதிதல்ல. ஆனால் பாலமும் அணையும் கட்டப் படித்தவரிடம் ஒரு வட்டாரத்தின் ஆட்சியையே ஒப்படைக்கலாம் என்ற யோசனை எளிதில் இங்கு வந்துவிடவில்லை. பாரிஸ், பீட்டர்ஸ்பர்க், சிட்னி எல்லாம் சுற்றிவிட்டுத்தான் அது ஏலமலை அடிவாரத்தை எட்டியது.

1794-ல் பாரிசில் புரட்சி அரசு எகோல் பாலிடெக்னிக்கைத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையில் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி பிறந்தது. அதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

1809-ல் மீண்டும் ஓர் இரட்டைப் பிறப்பு. கம்பெனிப் படைக்கு அதிகாரிகளைத் தயாரிக்க இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் கல்லூரி. சாலையும் கால்வாயும் அமைக்க பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பொறியியல் நிறுவனம். ரஷ்ய நிறுவனத்தை உருவாக்கிய அகஸ்டின் பெடன்கோர்ட் கேனரி தீவுக்காரர். 1788-ல் லண்டன் சென்றபோது, ஜேம்ஸ் வாட்டின் புது நீராவி எந்திரத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்க்க முடிந்தது அவருக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஊகித்தே பாரிஸ் திரும்பி மாதிரி செய்துவிட்டார். அப்படிப் பார்த்துச் செய்தவரிடம்தான் ஜாரின் பொறியாளர்கள் பாடம் படித்தார்கள். பொறியாளரை மதிக்கும் பழக்கம் ரஷ்யாவில் ஜார் ஆட்சியைத் தாண்டியும் நீடித்தது. யூரலில் கட்டுமானப் பொறியியல் படித்த போரிஸ் யெல்ட்சின், 1976 முதல் 1985 வரை ஸ்வெர்ட்லோவ்ஸ்க் வட்டாரத்தின் கட்சி முதல் செயலாளர். சோவியத் நாளில் அதுதான் ஆளுநர் நாற்காலி. 1991-ல் அவர் ரஷ்ய அதிபரே ஆனார்.

யெல்ட்சினுக்கு நூறாண்டுக்கும் முன்பே, சென்னைக் கோட்டையில் ஒரு பொறியாளர் ஆளுநராக அமர்ந்திருந்தார். 1861-ல் வந்த சர் வில்லியம் டெனிசன், பிரிட்டிஷ் ராணுவப் பொறியியல் படைக்காரர். இளமையில் கனடாவின் ரிடோ கால்வாய் வேலையில் இருந்தவர். அமெரிக்க மரங்களின் வலிமையைச் சோதித்து எழுதிய கட்டுரைக்கு டெல்ஃபோர்ட் பதக்கம் பெற்றவர். பிறகு டாஸ்மேனியா, நியூ சவுத் வேல்ஸ் என இரு ஆட்சிகள். சிட்னி துறைமுகத் தீவில் இருக்கும் கோட்டை இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. 1863-ல் வைஸ்ராய் எல்ஜின் திடீரென இறந்துபோக, சில வாரங்கள் இந்தியா முழுவதுமே அந்தப் பொறியாளரின் பொறுப்பில் இருந்தது.

போடி ஜமீன் அன்று மதுரை மாவட்டத்தில், டெனிசனின் ஆட்சி எல்லைக்குள் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வீணாகக் கடலுக்கு ஓடும் பெரியாற்றை இந்தப் பக்கம் திருப்பும் ஆசைக்கு அப்போதே வயதாகியிருந்தது. 1789-ல் ராமநாதபுரத்தின் முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்தார். 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற பொறியாளர் நடக்காத காரியம் என்று ஒதுக்கினார். 1850-ல் தொடங்கிய சிறு அணையை, காய்ச்சலும் கூலிச் சிக்கலும் நிறுத்திவிட்டன. டெனிசன் பதவியில் இருந்த 1862-ல்தான் பொறியாளர் ரைவ்ஸ் ஆய்வை மறுபடி தொடங்கினார். அவர் மண் அணைத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது ஆண்டு 1867. டெனிசன் ஊர் திரும்பிவிட்டிருந்தார்.

ஆட்சியாளர் போனாலும் வரைபடம் தங்கியது. அடிஸ்கோம்பில் படித்து 1860-ல் சென்னைக்கு வந்திருந்த ஜான் பென்னிகுயிக், மண்ணுக்குப் பதில் கல், சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) கொண்டு புதுத் திட்டம் தீட்டினார். அந்தத் திட்டப்படி அணை எழுந்தது; 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் நீரைத் திறந்தார். அந்தத் தண்ணீர் பின்னாளில் பதினெட்டாம் கால்வாய் வழியே போடிப் பக்கத்துக் கண்மாய்களுக்கும் நீண்டது.

பயணம் அங்கும் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைக்கு ஒரு பொறியாளர் வந்தார் அல்லவா? இப்போது எதிர்த்திசையில், பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்ல பென்னிகுயிக்கை குவீன்ஸ்லாந்து அழைத்தது. நியூ சவுத் வேல்ஸை டெனிசன் ஆண்டபோதுதான், 1859-ல், அந்தக் குவீன்ஸ்லாந்து தனியாகப் பிரிந்திருந்தது!

1912-ல் மைசூர் மகாராஜா, விஸ்வேஸ்வரய்யாவைத் திவானாக்கினார். லண்டன் அனுப்பிய ஆளுநராக இல்லாமல், இந்த மண்ணில் பிறந்து புனேயில் படித்த பொறியாளராக அந்த யோசனை இந்திய உருவம் எடுத்தது அங்கேதான்.

2012-ல் போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி வந்தது. எட்டுப் பேரோடு சென்னையில் தொடங்கிய படிப்பு மலையடிவாரம் சேர 218 ஆண்டுகள் ஆயின. அங்கே படிக்கும் பிள்ளைகளில் யாரேனும் நாளை ஆட்சி நாற்காலியில் அமரலாம். அவர்களுக்குப் பெரியாற்றுக் கதை கற்றுத்தருவது ஒன்றுதான்: தன் பதவிக்காலத்தில் முடியாது என்று தெரிந்தும் ஆய்வைத் தொடங்கிவைக்க வேண்டும், முன்னவர் விட்டுச்சென்ற வரைபடத்தைப் பெயருக்காகக் கிழிக்காமல் திருத்தி எடுத்துச்செல்ல வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால்தான், பொறியாளரை ஆளவிட்டதற்கு அர்த்தம் உண்டு.