பெயரிடும் உரிமை: செவிலியர் பாபி கேம்பெல்

சான்பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் ஒரு மருந்துக்கடை இருந்தது. 1981இன் இறுதியில் அதன் கண்ணாடிச் சன்னலில் சில புகைப்படங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒருவருடைய பாதத்தில் படர்ந்திருந்த ஊதாநிறத் திட்டுகளின் படங்கள் அவை. படங்களை வைத்தவரும் அந்தப் பாதத்துக்கு உரியவரும் ஒருவரே: பாபி கேம்பெல்.

அவர் ஒரு செவிலியர், தன்பாலீர்ப்பாளர். அந்த ஆண்டுதான் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர்ந்திருந்தார். நோயாளியைப் பரிசோதித்துத் தாமே சிகிச்சை தரும் தகுதியுள்ள செவிலியரை அமெரிக்காவில் அப்படி அழைக்கிறார்கள். தம் சமூகத்தாருக்கு மருத்துவம் பார்க்க விரும்பினார். அக்டோபரில் அவருக்கே கபோசி சார்கோமா என்ற புற்றுநோய் உறுதியானது. எய்ட்ஸ் என்ற பெயர் அப்போது பிறக்கவில்லை.

அவர் நோயை மறைக்கவில்லை. டிசம்பர் முதல் உள்ளூர் இதழொன்றில் தம் நோயைப் பற்றித் தொடர் எழுதினார். 1982இல் பாதுகாப்பான பாலுறவு பற்றிய ஒரு கையேட்டைத் தோழர்களோடு சேர்ந்து உருவாக்கினார். கன்னியாஸ்திரி வேடமிட்டு நையாண்டி செய்யும் ஒரு குழுவிலும் இருந்தார். அங்கே அவர் பெயர் சிஸ்டர் ஃப்ளோரன்ஸ் நைட்மேர். நைட்டிங்கேல் அம்மையார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

1983 ஜூனில் டென்வர் நகரில் மாநாடு நடந்தது. நோயைப் பற்றி வல்லுநர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கேம்பெல், மைக்கேல் காலன் உள்ளிட்ட ஒரு சிறு குழுவினர், எல்லாரும் நோயுற்றவர்கள், மேடையேறித் தங்கள் அறிக்கையை வாசித்தார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதீர்கள், அது தோற்றவனுக்கு வைக்கும் பெயர். நோயாளி என்பதும் எப்போதாவதுதான் பொருந்தும். நாங்கள் எய்ட்ஸோடு வாழும் மனிதர்கள் என்பது அதன் சாரம்.

நமக்கு இது புதிதல்ல. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஹரிஜன் என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்ற முனைந்தபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளியேறினார்கள். இரக்கத்தோடு சூட்டப்படும் பெயரை மறுப்பதுதான் கடினம். வசவை மறுத்தால் எல்லாருக்கும் புரியும். இரக்கத்தை மறுத்தால் நன்றி கெட்டவன் என்பார்கள்.

அறிக்கையில் எங்களை அதிகம் உறுத்துவது ஆராய்ச்சி பற்றிய பகுதி. ஆய்வில் சேர மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. செய்யப்போவதையும் அதன் ஆபத்தையும் முழுதாக விளக்க வேண்டும். முடிவெடுக்கும் ஒவ்வொரு நிலையிலும் நோயுற்றவர்கள் இருக்க வேண்டும். சமூகவியல் முதுகலை படித்த நாங்கள் வினாநிரலோடு சேரிகளுக்குள் போயிருக்கிறோம். எதற்காகக் கேட்கிறோம், பதிலை என்ன செய்யப்போகிறோம் என்று எத்தனை வீடுகளில் சொன்னோம்? கேள்விகளைத் தயாரிக்கும்போது சேரியிலிருந்து ஒருவரையாவது உட்கார வைத்தோமா? நம்மிடையே ஆய்வு மாணவர்கள் பலர் இருப்பதால் இதைச் சொல்கிறோம்.

1984 ஜூலை 15 அன்று சான்பிரான்சிஸ்கோ பேரணியில் கேம்பெல் பேசினார். சரியாக ஒரு மாதத்தில் இறந்தார். வயது 32. பத்தாண்டுகள் கழித்து, 1994 டிசம்பரில் பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்திட்ட பிரகடனத்தில், எச்ஐவியோடு வாழ்வோருக்குக் கொள்கை வகுப்பதில் பங்குண்டு என்று எழுதப்பட்டது.