வலைப்பக்க உறுப்புகளைக் காட்டுதலும் மறைத்தலும்

வலைப்பக்கத்தை மறுபடி ஏற்றாமலே அதன் பத்தி, பட்டியல், படிவம் போன்ற பகுதிகளைத் தேவைக்கேற்ப விரிக்கவும் சுருக்கவும் உதவும் நிரலாக்க முறை இது. பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள், சட்டகங்கள் வழியாகச் செய்யப்படுகிறது.

செயல்படும் விதம்

ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேக்வெரி நூலகம் இம்முறையைப் பரவலாக்கியது. அதன் 'ஹைட்' கட்டளை உறுப்பின் 'டிஸ்ப்ளே' பண்பை 'நன்' என்று மாற்றும். உறுப்பு பிடித்திருந்த இடமும் மூடிக்கொள்ளும். பழைய மதிப்பு சேமிக்கப்படுவதால் 'ஷோ' கட்டளை முந்தைய வடிவத்தையே மீட்கும். 'விசிபிலிட்டி' பண்பால் மறைத்தாலோ இடம் வெறுமையாக நிற்கும்.

எவன் யூ 2014இல் வெளியிட்ட வ்யூ சட்டகத்தில் இரு வழிகள் உண்டு. 'வி-ஷோ' உறுப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மறைக்கும். அடிக்கடி திறந்து மூடுபவற்றுக்கு ஏற்றது. 'வி-இஃப்' உறுப்பையே நீக்கிவிடும். அதனுள் மட்டும் இருந்த நிலைத்தகவலும் அழியும். அரிதாகத் தேவைப்படும் பகுதிகளுக்கு இது பொருந்தும்.

எடுத்துக்காட்டு: கொல்கத்தா கட்டுரை

ஆங்கில விக்கிப்பீடியாவின் கொல்கத்தா கட்டுரை மிக நீளமானது. அதன் அடியில் தொடர்புடைய கட்டுரைகளுக்கான இணைப்புப் பெட்டிகள் சுருங்கிய நிலையில் அடுக்கப்பட்டிருக்கும்; வேண்டியதைச் சொடுக்கி விரிக்கலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் 1.16ஆம் பதிப்பு முதல் ஜேக்வெரி இணைந்து வருகிறது. சுருக்கி விரிக்கும் வசதி 2011இல் வெளியான 1.18ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இயங்காத உலாவியில் பெட்டிகள் விரிந்தே தோன்றுவது இதன் சிறப்பு. நிரல் பழுதானாலும் வாசகருக்குரிய தகவல் அவர் கைக்கு எட்ட வேண்டும் என்ற நெறி அதில் கடைப்பிடிக்கப்படுகிறது.

அணுக்கமும் பாதுகாப்பும்

'டிஸ்ப்ளே' பண்பால் மறைத்தவற்றைத் திரைவாசிப்பான்கள் படிப்பதில்லை. ஒளிபுகாத்தன்மையைச் சுழியாக்கி மறைத்தவற்றையோ அவை படித்துவிடும். பார்வையற்றோர் இதனால் குழம்ப நேரும். பெட்டி திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பதை 'ஏரியா-எக்ஸ்பாண்டெட்' பண்பால் அறிவிப்பதும், சொடுக்குமிடத்தை விசைப்பலகையால் இயக்கத்தக்க பொத்தானாக அமைப்பதும் இன்றியமையாதவை. எளிய தேவைகளுக்கு எச்டிஎம்எல்லின் 'டீட்டெயில்ஸ்', 'சம்மரி' உறுப்புகளே போதும்; இவற்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை.

கண்ணுக்கு மறைந்த உரையைப் பக்கத்தின் மூலநிரலில் எவரும் படிக்கலாம். ஆகவே கடவுச்சொல், தேர்வு விடை போன்றவற்றை இம்முறையில் ஒளிக்கக் கூடாது; உரிய பயனரை உறுதிசெய்த பின்னரே வழங்கிக் கணினி அவற்றை அனுப்ப வேண்டும்.