வீதி அமைப்பும் பறவைகளும் (நிவித்திகல – சிங்கராஜ வலயம்)

நிவித்திகலவைச் சுற்றித் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கிடையே மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சியுள்ளன. தெற்கே கலவானைக்கு அப்பால் சிங்கராஜ வனம். இக்காடுகளை வீதி ஊடறுக்கும்போது பறவைகளுக்கு நேர்வதே இப்பதிவின் பொருள்.

1970களில் ஒட்டுப்பலகைக்கு மரம் தறிக்கச் சிங்கராஜவுக்குள் லொறிப் பாதைகள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்ப்பால் தறிப்பு நின்றது. 1988இல் வனம் உலக மரபுரிமையாயிற்று. குடாவ வாயிலிலிருந்து பறவை பார்ப்போர் நடப்பது பெரும்பாலும் அந்தப் பழைய பாதையில்தான். பறவையியலாளர் சரத் கொட்டகம முதலானோர் ஆராய்ந்த, பல இனங்கள் சேர்ந்து திரியும் கலப்புக் கூட்டங்களை அங்கே காணலாம்: ஒரு கூட்டத்தில் சராசரியாக 11 இனங்கள், சுமார் 40 பறவைகள். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் சலசலத்து முன்செல்ல, கொண்டைக் கரிச்சான் பிற பறவைகளின் குரலையும் எச்சரிக்கை ஒலியையும் பாவனை செய்தபடி உடன் வரும். ஒலியால் கட்டுண்ட இத்தகைய கூட்டத்துக்கு வாகன இரைச்சல் பெருங்கேடு. அமெரிக்காவின் ஐடஹோவில் வீதியே இல்லாத காட்டில் ஒலிபெருக்கியால் வாகன ஒலியை மட்டும் பரப்பியபோது, பறவை எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்தது.

வீதி வெட்டியதால் வெயில் புகுந்த காட்டோரங்களில் மைனாவும் கொண்டைக்குருவியும் பெருகும். நிழலை நம்பிய பச்சை அலகுச் செண்பகம் உள்ளே ஒதுங்கும். ஆகவே பறவை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். எந்த இனம் என்பதே முக்கியம்.

2020இல் சிங்கராஜவை ஒட்டிய லங்காகம ஊருக்கான வீதி விரிவாக்கம் நாடளாவிய எதிர்ப்பைக் கிளப்பியது. ஊராருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வழி வேண்டும் என்பது நியாயமே. ஆனால் வீதியின் அகலத்தைக் குறைத்து, இருபுறக் கிளைகளும் மேலே கூடும்படி விட்டால், விதானத்தில் வாழும் பறவைகள் கடந்துசெல்ல முடியும்.