மூலம் காணப்படாத ஒரு சிறுமியின் நாட்குறிப்பு

1919ஆம் ஆண்டு, ஃபிராய்டு வழியினரின் உளப்பகுப்பாய்வுப் பதிப்பகம் ஜெர்மன் மொழியில் ஒரு நாட்குறிப்பை வெளியிட்டது. வியன்னாச் சிறுமி ஒருத்தி பதினொன்று முதல் பதினான்கரை அகவை வரை எழுதியது என்பது நூலின் கூற்று. சிறுமியின் உண்மைப் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. முதற்பதிப்பில் பதிப்பாசிரியர் பெயரும் இல்லை. 1915இல் ஃபிராய்டு எழுதிய பாராட்டு மடலே முகவுரையாயிற்று.

1921இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் ஐயம் வலுத்தது. ஒரு நாளில் ஒரு சிறுமி எழுதக்கூடிய அளவை விஞ்சிய குறிப்புகள் உள்ளன என்பது சிரில் பர்ட் முன்வைத்த தடைகளுள் ஒன்று. (பிற்காலத்தில் பர்ட்டின் இரட்டையர் ஆய்வுத் தரவுகளே புனைவெனக் குற்றஞ்சாட்டப்பட்டன என்பது தனிக்கதை.) பின்னர், குழந்தை உளப்பகுப்பாய்வின் முன்னோடியான ஹெர்மினே ஹூக்-ஹெல்முத் தாமே பதிப்பாசிரியர் என அறிவித்தார். ஆனால் கையெழுத்துப்படி வெளிப்படவேயில்லை. 1924இல் அவர் தம் சகோதரி மகனால் கொல்லப்பட்டார்.

சுவடி காட்டாத பதிப்பை ஏற்கத் தயங்குவது நம் பதிப்பு மரபு. இங்கோ சிக்கல் அதனினும் ஆழமானது. பாலியல் அறிவு குழந்தை மனத்தில் அரும்பும் முறைக்குச் சான்றாகக் கொண்டாடப்பட்ட நூல், அக்கோட்பாட்டை முன்னரே ஏற்றிருந்தவர் கைவழியே வந்தது. எனவே இதனைச் சிறுமியின் குரலாகக் கொள்ளுதல் தகாது. சிறுமியர் என்ன எண்ணவேண்டுமென அன்றைய அறிஞர் எதிர்பார்த்தனர் என்பதற்கே இது சான்றாகும். 1927இல் ஜெர்மன் பதிப்பு விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆங்கிலப் பதிப்போ அதன்பின்னரும் மறுஅச்சுக் கண்டது, ஃபிராய்டின் மடலுடன்.