பாட்டி சொன்ன ஈடு

சுமார் நாற்பது வருஷங்களுக்கு முன், கல்பாத்தியிலிருந்து சென்னைக்கு வந்திருந்த என் பாட்டி, பாத்திரக் கடையில் ஒரு வெண்கல உருளியைத் தட்டிப் பார்த்து, "இது ஈடு நிக்குமோ?" என்று கேட்டாள். "நாங்க அடகு பிடிக்கறதில்லேம்மா" என்றார் கடைக்காரர். கூட இருந்த எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாட்டி, அது மலையாளம்!" என்று கேலி செய்தோம். அவள் முகம் வாடிவிட்டது.

கேலி செய்தது தப்பு என்று பிறகுதான் புரிந்தது. மலையாளத்தில் கடனுக்கு வைக்கும் பிணையும் ஈடு. வெகுகாலம் உழைப்பதும் ஈடு. தலைமுறைகளுக்கென்று சேர்த்து வைத்த அரும்பொருளை 'ஈடுவைப்பு' என்பார்கள். தமிழ்நாட்டில் பிணை என்ற அர்த்தம் நிலைத்தது, மற்றது பின்தங்கிவிட்டது. ஆனாலும் வெயிலுக்கும் மழைக்கும் 'ஈடு கொடுக்கிறது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதில் பாட்டியின் அர்த்தம் ஒளிந்திருக்கிறது.

வேர் இரண்டு மொழிக்கும் பொதுவான 'இடு'தான். சுடு சூடானது போல, கெடு கேடானது போல, இடு ஈடாயிற்று. இட்டது, அதாவது வைத்தது. அடகு நகைக்கு இது நேராகப் பொருந்தும். (திருவாய்மொழி வியாக்கியானத்துக்கும் ஈடு என்று பெயர் உண்டு. அதற்குப் பெரியோர் சொல்லும் காரணங்கள் பல. இங்கே அதில் இறங்கவில்லை.) நீடித்திருப்பது எப்படி ஈடாயிற்று?

எனக்கு ஒரு யூகம் தோன்றியது மறையூரில். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் வரும் இடுக்கி மாவட்டத்து ஊர் அது. சந்தனக் காட்டுக்குப் பெயர்போனது. தமிழ் சரளமாகப் புழங்கும். அங்கே பாறைமேல் 'முனியறைகள்' இருக்கின்றன. பெருங்கற்காலத்து மனிதர்கள் பலகைக் கற்களைச் சுற்றி நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக இட்டிருக்கிறார்கள். பல சரிந்துவிட்டன. சில மட்டும் இட்டது இட்டபடி நிற்கின்றன. இட்ட இடத்தில் நிற்பதுதான் ஈடு நிற்பதோ!

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவிலும், மறையூர் அடங்கிய தேவிகுளம் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. அன்று முதல் இரண்டும் கேரளம். பாட்டியின் பேச்சு அதற்கெல்லாம் முந்தையது.

அன்று அவள் அந்த உருளியை வாங்கத்தான் செய்தாள். போன ஓணத்துக்கு என் மருமகள் அதில்தான் சக்கப் பிரதமன் கிளறினாள். உங்கள் அகத்தில் 'ஈடு' இன்னும் புழங்குகிறதா? அன்பர்கள் எழுதியனுப்பினால் சந்தோஷம்.