₹118 கோடிக்கு விற்ற ஓவியம்.. ஓவியருக்கு என்ன கிடைக்கும்? கேலரிகளின் வேலை என்ன?

2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில், எம்.எஃப். ஹுசைன் 1954-ல் வரைந்த 'கிராம யாத்ரா' ஓவியம் சுமார் ₹118 கோடிக்கு விற்பனையானது. ஒரு காலத்தில் மும்பையில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர் அவர். ஆனா இந்தப் பணம் ஹுசைன் குடும்பத்துக்குப் போகவில்லை. ஓவியத்தை வைத்திருந்தது நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை. விற்றதும் அதுதான்.

அப்போ ஓவியர்கள் எங்கே சம்பாதிக்கிறார்கள்? முதல் விற்பனையில்தான். அங்கேதான் கேலரி வருகிறது.

வாடகை வேறு, பிரதிநிதித்துவம் வேறு

மும்பை ஜஹாங்கீர் கேலரி, சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி போன்ற இடங்களில் ஓவியர் வாடகை கட்டி கண்காட்சி வைக்கலாம். கண்காட்சி முடிந்ததும் உறவும் முடிந்தது.

பிரதிநிதித்துவம் அப்படியில்லை. கேலரி வாடகை வாங்காது. விற்றால் கமிஷன் எடுக்கும், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. 'பாதியா?' என்று கேட்கத் தோன்றும். பதிலுக்கு கண்காட்சி, கேட்டலாக், டெல்லி இந்தியா ஆர்ட் ஃபேர் போன்ற சந்தைகள், அருங்காட்சியகத் தொடர்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முக்கியமாக, விலை சரியாமல் பார்த்துக்கொள்வார்கள். கேலரியில் ₹1 லட்சம் சொல்லும் ஓவியத்தை வீட்டில் ₹40 ஆயிரத்துக்குக் கொடுத்தால், ஏற்கெனவே வாங்கியவர் திரும்ப வரமாட்டார்.

எப்படி கண்ணில் படுவது?

மெயிலில் படம் அனுப்பி வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். சக ஓவியர்களின் பரிந்துரை, கல்லூரி இறுதியாண்டு கண்காட்சி, குழுக் கண்காட்சி, கொச்சி மாணவர் பினாலே போன்றவைதான் வழி. 'பணம் கட்டுங்க, உங்களை பிரபலமாக்குறோம்' என்றால் உஷார்! அது வாடகைக்கு இன்னொரு பெயர்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்க: விற்ற எத்தனை நாளில் பணம் வரும்? தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் குறையும்? ஃபிரேம், லாரி செலவு யாருடையது? விற்காத ஓவியம் எப்போது திரும்பும்?

கேலரியே வேண்டாம் என்றும் ஜெயித்திருக்கிறார்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் பாத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கி உருவாக்கியதுதான் சென்னை அருகே உள்ள சோழமண்டலம்.

மறுவிற்பனையில் பங்கே கிடையாதா என்றால், இந்திய காப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவில் வழி இருக்கிறது. மூல ஓவியம் ₹10,000-க்கு மேல் மறுபடி விற்றால் ஓவியரோ வாரிசோ பங்கு கேட்கலாம். உச்சவரம்பு 10 சதவீதம். காப்புரிமைக் காலம் முடியும் வரைதான் இந்த உரிமை.