இணையதளத்துக்கு விலை பேசிய வரலாறு

ஜெனீவா நகரத்தை அடுத்த ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் சிருஷ்டித்த வைய விரிவு வலையை, 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி அந்த ஸ்தாபனம் எவரும் யாதொரு கட்டணமுமின்றிக் கையாளலாம் என்று உலகத்துக்கே தானம் செய்துவிட்டபடியால், அதனை ஆதாரமாகக் கொண்டு பிறந்த இணையதள நிர்மாணத் தொழிலில் சரக்குக்கென்று விலை ஏதுமில்லாமல் உழைப்புக்கு மட்டுமே விலை பேசவேண்டிய விசித்திரமான நிலைமை ஆரம்பத்திலேயே ஏற்பட்டது.

அதற்கு முந்திய விளம்பரத் தொழிலில் இந்தச் சங்கடம் இல்லை. பத்திரிகையில் வாங்கும் இடத்தின் விலையில் நூற்றுக்குப் பதினைந்து ஏஜென்சிக்குத் தரகாகச் சேருவது அமெரிக்காவில் நெடுநாளைய சம்பிரதாயமாக இருந்தது. வாசகமும் சித்திரமும் தனியே விலை பெறாமல் அந்தத் தரகுக்குள்ளேயே அடங்கிவிட்டன. இணையதளமோ வாடிக்கையாளரின் சொந்த மனை. அங்கே இடம் வாங்குவதுமில்லை, ஆகவே தரகுமில்லை.

எனவே, 1995-இல் நியூயார்க்கில் ஜெஃப் டாக்கிஸும் கிரெய்க் கனாரிக்கும் தொடங்கிய ரேஸர்ஃபிஷ் போன்ற ஏஜென்சிகளின் முன் இரண்டு மார்க்கங்கள் இருந்தன: வேலை முழுவதுக்கும் ஒரே தொகையை முன்கூட்டி நிச்சயிப்பது ஒன்று, உழைத்த மணிக்கணக்குக்குக் கூலி வாங்குவது மற்றொன்று. முன்னதில், கையெழுத்தான பிறகு வாடிக்கையாளருக்கு உதிக்கும் ஒவ்வொரு புதிய யோசனையும் ஏஜென்சியின் லாபத்தை அரிக்கும். பின்னதில், ஏஜென்சியின் ஒவ்வொரு தாமதமும் வாடிக்கையாளரின் கைப்பணத்தைக் கரைக்கும். பங்குச்சந்தையில் பணம் பெருகிய நாளில் இந்த அபாயத்தை அதிகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தங்கள் தொழில் இன்னதென்று எளிய சொற்களில் விளக்க ரேஸர்ஃபிஷ் ஸ்தாபகர்கள் தடுமாறியது பிரசித்தமான சம்பவம். பணம் வற்றியதும் நிலைமை தலைகீழாயிற்று. 2001 ஏப்ரலில், அத்துறையின் மாபெரும் ஸ்தாபனங்களுள் ஒன்றான மார்ச்ஃபர்ஸ்ட் திவாலாயிற்று.

அதே ஆண்டு பிப்ரவரியில் யூட்டா மாகாணத்து ஸ்னோபேர்டில் கூடிய 17 மென்பொருள் நிபுணர்கள், ஒப்பந்தப் பேரத்தைக் காட்டிலும் வாடிக்கையாளரோடு கூடி உழைப்பதே மேலானது என்ற கொள்கையையும் தங்கள் பிரகடனத்தில் சேர்த்தார்கள். வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்து, முடிந்ததைக் காட்டி அபிப்பிராயம் கேட்டு, அதன் பின்னரே மேலே செல்லும் முறை இதனால் செல்வாக்குப் பெற்றது.

ஆயினும் தேவை இன்னதென்று நிச்சயிக்காமலே வேலையைத் தொடங்கும் பழைய பிழை ஒழிந்துவிடவில்லை. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் திறந்துவைத்த மருத்துவக் காப்பீட்டு இணையதளம் முதல் நாளே முடங்கியது. ஆன செலவை ஈடுசெய்யும் ஒப்பந்த முறையில் 2011-இல் 5 கோடியே 60 லட்சம் டாலராக இருந்த அதன் நிர்மாணத் தொகை, 2014 பிப்ரவரிக்குள் 20 கோடியே 90 லட்சத்தைத் தாண்டியதென்றும், தேவைகள் திட்டமாகத் தெரியுமுன்னரே வேலை ஒப்படைக்கப்பட்டதென்றும் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் வெளியிட்டது.

ஆகவே, மொத்தத் தொகையோ மணிக்கூலியோ எந்த முறையைக் கைக்கொண்டாலும், தமக்கு வேண்டியது இன்னதென்று ஆராய்ந்து எழுதி இரு தரப்பாரும் ஒப்புக்கொள்வதற்குரிய காலத்தையும் பணத்தையும் மிச்சம்பிடிக்க நினைப்பவர், அதைப் பிற்பாடு பன்மடங்காகச் செலுத்தியே தீரவேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் சித்தாந்தம்.